பந்தைக் கொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

ஊரார் அனைவருக்கும் வணக்கம்.

2020 நவம்பர் 25 அன்று மறைந்த அர்ஜென்டினா கால்பந்து வீரர் டியாகோ மாரடோனாவின் ஐந்தாம் ஆண்டு நினைவாக, கானாடுகாத்தானுக்கு அருகிலுள்ள எங்கள் ஊர்க் கண்மாய்ப் பொட்டலில் சென்ற ஞாயிறன்று நடந்த சிறுவர் கால்பந்தாட்டத்திற்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி கூறக் கடமைப்பட்டுள்ளேன்.

முதல்நாள் பெய்த கார்த்திகை மழையில் பொட்டல் குளமாகிவிட்டது. விடியுமுன் மண்வெட்டியோடு வந்து வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்த இளைஞர்களும், இரண்டு டிராக்டர் மணலைக் கூலி கேட்காமல் கொட்டிப் பரப்பிய அண்ணனும், சவுக்குக் கம்பில் கோல் கம்பம் நட்டுத் தந்த பந்தல்காரரும் இல்லையேல் ஆட்டமே நடந்திராது. பிள்ளைகள் அனைவரும் மாரடோனா அணிந்த 10ஆம் எண்ணுக்கே அடம்பிடித்ததால், தையற்காரர் எல்லாச் சட்டைகளிலும் 10 என்றே தைத்துவிட்டார். கோல் போட்டவர் யாரென்று குறிக்க நடுவர் பட்ட பாட்டிற்கு அவர் பொறுப்பல்லர். ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியரான அந்நடுவருக்குத் தனி வணக்கம். கையால் பந்தைத் தட்டிவிட்டு, "மாரடோனா போடலையா சார்?" என்று வாதாடிய சிறுவனுக்கும் அவர் இடங்கொடுக்கவில்லை. 1986 உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்கு எதிராக மாரடோனா கையால் போட்ட அந்த கோலை நானும் நியாயப்படுத்தமாட்டேன். நான்கு நிமிடம் கழித்து, பாதி மைதானத்தைக் கடந்து அவர் போட்ட இரண்டாவது கோலே எனக்குப் போதும்.

ஆயினும் என் மனத்தில் நிற்பவர் 1990ஆம் ஆண்டு உலகக் கோப்பை மாரடோனாதான். அப்போது எங்கள் தெருவில் ஆச்சி வீட்டில் மட்டுமே தொலைக்காட்சி இருந்தது. நடுமுற்றமான வளவின் தூண்களில் நாங்கள் சாய்ந்தபடி, மாரடோனா பிரேசில் தடுப்பாட்டக்காரர்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே போய், அவர்கள் நடுவே வலது காலால் சக வீரர் கனீஜியாவுக்குப் பந்தைத் தள்ளிவிட்ட அந்தக் கணத்தைப் பார்த்தோம். வீங்கிய கணுக்காலோடு ஆடிய அவர், அத்தொடரில் ஆட்டநேரத்தில் ஒரு கோல்கூடப் போடவில்லை. "இத்தனை பேரு சூழ்ந்துக்கிட்டா அந்தப் புள்ளை எங்கிட்டுப் போகும்?" என்று ஆச்சி அங்கலாய்த்தார்கள். ஜூலை 8 இரவு 11.30க்குத் தொடங்கிய இறுதி ஆட்டத்தில், 85ஆம் நிமிடப் பெனால்டியால் மேற்கு ஜெர்மனி வென்று, மாரடோனா கண்ணீர்விட்டபோது, "அந்தப் புள்ளைக்கு யாராச்சும் ஒரு வாய் காப்பி கொடுங்கப்பா" என்றவர்கள், அந்நேரத்தில் எழுந்துபோய் எங்களுக்கெல்லாம் காப்பி போட்டுக்கொண்டு வந்தார்கள்.

ஆச்சி இன்று இல்லை. பூட்டிக் கிடந்த வீட்டின் சாவியைச் சென்னையிலிருந்து கொடுத்தனுப்பி, அதே வளவில் பிள்ளைகளுக்குப் பந்தி போட இடம் தந்த ஆச்சியின் மகளுக்கும், முதல்நாளே மாவரைத்து வெள்ளைப் பணியாரம் ஊற்றித் தந்த தெருப் பெண்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி.

பின்குறிப்பு: பந்தி முடிந்தபின் வளவில் ஒரு சட்டை கிடந்தது. எண் 10. உரிய சிறுவர் வந்து பெற்றுக்கொள்ளவும்.