இந்த மாத வாசிப்பு: சாக்டஸ்ட்

நண்பர்களே, வணக்கம். பாடப்புத்தக வாடை இல்லாமல் கணக்கு படிக்க ஏதாவது சொல்லுங்கள் என்று பலர் கேட்டிருந்தீர்கள். இந்த மாதம் ‘சாக்டஸ்ட்’ எடுத்துக்கொள்வோம். யுனிவர்சிட்டி காலேஜ் லண்டனின் ஆராய்ச்சி மாணவர்கள் 2015-இல் தொடங்கிய இதழ். ஆண்டுக்கு 2 இதழ்தான், பிடிஎஃப் இலவசம். ஆங்கிலம்தான், ஆனால் பயமுறுத்தாது.

முதலில் அதன் எண் புதிரைப் பாருங்கள். குறுக்கெழுத்து போன்ற கட்டம். எழுத்துக்குப் பதில் இலக்கங்கள். ஒரு குறிப்பு இன்னொன்றைப் பிடித்துத் தொங்கும். மாதிரிக்கு நானே ஒன்று போடுகிறேன்: ‘3 இலக்க வர்க்க எண், திருப்பிப் படித்தாலும் அதேதான்.’ 121, 484, 676 மூன்றுமே பொருந்தும். மேலிருந்து கீழே வரும் எண் நடுக் கட்டத்தில் 7-ஐக் கொண்டுவந்து வைத்தால்தான் 676 என்று உறுதியாகும். இது சுலபம். அவர்கள் போடுவது ஒரு ஞாயிற்றுக்கிழமையையே விழுங்கிவிடும்.

சில கட்டுரைகள் நடுவில் கடினமாகும். அந்தப் பத்தியைத் தாண்டிப் போங்கள், தப்பில்லை.

புதிரின் விடையைக் குழுவில் போட வேண்டாம். சிக்கிக்கொண்ட கட்டத்தை மட்டும் போட்டோ எடுத்துப் போடுங்கள், சேர்ந்து பார்ப்போம். அப்புறம், குட் மார்னிங் படங்களுக்கு இன்னும் தடைதான்.