போதகர் தேர்தலில் நிற்கட்டும், சபையையும் கூட அழைத்து வராமல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மதத் தலைவர்கள் தேர்தலில் போட்டியிடுவது பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். திருச்சபை வேறு, அரசு வேறு என்று கட்டுரையாளர் சொல்வதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் மதகுருமார் யாரும் எந்தப் பதவிக்கும் நிற்கக்கூடாது என்று சட்டமே போட்டுவிட வேண்டும் என்று முடிக்கிறாரே, அங்கேதான் இடிக்கிறது. அப்படிச் சட்டம் போட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அனுபவத்தைக் கட்டுரை தொடவே இல்லை.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1796இல் எழுதிய முதல் அரசமைப்பிலேயே கிறிஸ்தவ போதகர்கள் சட்டமன்றத்துக்குள் வரக்கூடாது என்று வைத்தார்கள். போதகர்கள் கடவுளுக்கும் ஆன்மாக்களின் நலனுக்கும் தங்களை ஒப்புக்கொடுத்தவர்கள், அந்தப் பெரிய கடமையிலிருந்து அவர்களைத் திசைதிருப்பக்கூடாது என்பது அங்கே சொல்லப்பட்ட காரணம். கேட்பதற்கு மரியாதையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு அடுத்த பிரிவு, கடவுள் இல்லை என்பவர் மாநிலத்தில் எந்தப் பதவியும் வகிக்கக்கூடாது என்கிறது! (பிற்காலத்தில், ஒற்றைக்கு ஒற்றை துப்பாக்கிச் சண்டை போட்டவர்களையும் இந்தப் பட்டியலில் சேர்த்தார்கள்.) கடவுளோடு ரொம்ப நெருக்கமாக இருந்தாலும் ஆகாது, அவரை ஒரேயடியாக மறுத்தாலும் ஆகாது. ஒருவருடைய நம்பிக்கையை எடைபோட்டுத் தகுதி வழங்கும் வேலையை அரசிடம் கொடுத்தால் இப்படித்தான் ஆகும். மதத்தையும் அரசையும் பிரிப்பதற்கென்று போட்ட விதி, யார் எவ்வளவு பக்திமான் என்று பார்க்கும் வேலையை அரசின் தலையில் கட்டிவிட்டது.

1977இல் அதே மாநிலத்துச் சட்டனூகா நகரத்தில் பாப்டிஸ்ட் என்ற புராட்டஸ்டன்ட் பிரிவின் போதகர் பால் மெக்டேனியல், மாநில அரசமைப்பைத் திருத்தக் கூடவிருந்த மாநாட்டுக்குப் பிரதிநிதியாக நின்றார். எதிர்த்து நின்றவர் வழக்குப் போட்டார். மாநில உச்ச நீதிமன்றம் தடை செல்லும் என்றது. 1978இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. விசாரித்த எட்டு நீதிபதிகளில் ஒருவர்கூட தடையின் பக்கம் நிற்கவில்லை. நீதிபதி பிரென்னன் தன் தனித் தீர்ப்பில் சொன்னது எனக்குப் பிடித்த வாதம்: மதவெறியை அரசியலுக்குள் கொண்டுவருபவருக்கு மருந்து, அவருடைய கருத்தைப் பொதுவெளியில் எதிர்த்துப் பேசுவதும் வாக்குப்பெட்டியில் தோற்கடிப்பதும்தான். செல்லாமல் போன அந்த வரியை மாநில மக்கள் 2022இல்தான் வாக்களித்து அரசமைப்பிலிருந்து நீக்கினார்கள். அவ்வளவு காலம் செத்த எழுத்தாகவே ஏட்டில் கிடந்தது.

கட்டுரையாளர் அமெரிக்காவின் மூன்றாவது குடியரசுத் தலைவர் ஜெபர்சனைத் துணைக்கு அழைக்கிறார். திருச்சபைக்கும் அரசுக்கும் இடையே சுவர் என்று 1802இல் எழுதியவர் அவர்தான், சரி. அந்தக் கடிதம் யாருக்குப் போனது என்பதையும் சொல்லியிருக்கலாம். கனெக்டிகட் மாநிலத்தின் டான்பரி பாப்டிஸ்டுகளுக்கு. அங்கே வேறொரு சபை அரசு சபையாக இருந்தது. அதனிடம் சிக்கித் தவித்த சிறுபான்மையினர் இவர்கள். சுவர் வேண்டும் என்று அழுத்திக் கேட்டவர்கள் பக்திமான்கள். இதே ஜெபர்சன் 1783இல் வர்ஜீனியாவுக்காக எழுதிய அரசமைப்பு வரைவில் போதகர்களைச் சட்டமன்றத்திலிருந்து விலக்கிவைத்தார் என்பதும் உண்மை. அதைப் படித்த மேடிசன் (ஜெபர்சனின் நண்பர், அவருக்கு அடுத்துக் குடியரசுத் தலைவரானவர்), ஒருவர் மதப்பணி செய்கிறார் என்பதற்காகக் குடிமகனாக அவருக்குள்ள உரிமையைப் பறிப்பது தண்டனை ஆகாதா என்று கேட்டார். 1800 வாக்கில் ஜெபர்சனே தன் பழைய கருத்தைக் கைவிட்டுவிட்டார். பாதி ஜெபர்சனை மட்டும் மேற்கோள் காட்டுவது நியாயமில்லை.

அப்படியானால் மதத் தலைவர் அரசியலுக்கு வருவதில் சிக்கலே இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. ஆனால் அது வேட்புமனுவில் இல்லை. ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு பதவிகளிலும் உட்கார்ந்திருப்பதில் இருக்கிறது.

வட அயர்லாந்தின் இயன் பெய்ஸ்லியைப் பாருங்கள். 1951இல் தனிச் சபை ஒன்றைத் தொடங்கி அரை நூற்றாண்டுக்கும் மேல் அதன் தலைவராக இருந்தார். 1970 முதல் 2010 வரை பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர். கத்தோலிக்கர்களோடு சமரசம் கூடாது என்று பிரசங்க மேடையிலும் அரசியல் மேடையிலும் ஒரே குரலில் முழங்கியவரை, இரண்டு இடத்திலும் கைதட்டித்தான் வரவேற்றார்கள். 2007இல் நிலைமை மாறியது. ஆட்சி அமைக்க வேண்டுமானால், பெரும்பாலும் கத்தோலிக்கர்கள் ஆதரிக்கும் சின் ஃபெயின் கட்சியோடு அதிகாரத்தைப் பகிர்ந்தாக வேண்டும். பகிர்ந்தார். முதலமைச்சரானார். துணை முதலமைச்சராக, பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து ஆயுதம் ஏந்திய ஐ.ஆர்.ஏ.வின் முன்னாள் தளபதி மார்ட்டின் மெக்கின்னஸ் உட்கார்ந்தார். ஊரெல்லாம் பெருமூச்சு விட்ட அந்த வேளையில் பெய்ஸ்லியின் சொந்தச் சபைக்குள் முணுமுணுப்பு கிளம்பியது. 2008 ஜனவரியில் சபைத் தலைவர் பதவியை விட்டு இறங்கினார். அரசியல்வாதியாக அவர் செய்த ஆகச்சிறந்த காரியம், மதத் தலைவராக அவரால் செய்யவே முடியாத காரியம். விட்டுக்கொடுத்தால்தான் அரசியல் நடக்கும். மேடையில் நின்று இதுவே கடவுளின் சித்தம் என்று சொல்லிவிட்டவர் எதை விட்டுக்கொடுப்பார்?

சைப்ரஸின் முதல் குடியரசுத் தலைவர் மக்காரியோஸ் பேராயராக இருந்துகொண்டே ஆட்சி செய்தவர். நாட்டுத் தலைமையை விட்டு விலகச் சொன்னவர்கள் அவருக்குக் கீழே இருந்த மூன்று ஆயர்கள். அவர் கேட்கவில்லை. 1973இல் அவரைக் குருத்துவத்திலிருந்தே நீக்கிவிட்டதாக அவர்கள் அறிவித்தார்கள். அவரோ பெரிய ஆயர் மன்றத்தைக் கூட்டி அந்த மூவரையும் பதவி இறக்கினார். நாட்டுத் தலைவருக்கு எதிராக அரசியல் பேசினார்களா, பேராயருக்கு எதிராகத் திருச்சபை விவகாரம் பேசினார்களா? அவர்களுக்கே பிரித்துச் சொல்ல முடிந்திருக்காது.

இந்த முடிச்சை அரசு அவிழ்க்க முடியாது, அவிழ்க்கவும் கூடாது. அது அந்தந்தச் சபையின் வேலை. அமெரிக்க இயேசு சபைக் குரு ராபர்ட் டிரைனன் பத்து ஆண்டுகள் நாடாளுமன்றத்தில் இருந்தார். 1980இல், குருக்கள் அரசியல் பதவியில் இருக்க வேண்டாம் என்று ரோமிலிருந்து உத்தரவு வந்தது. மறுபடி போட்டியிடாமல் விலகிக்கொண்டார். அவரை நிறுத்தியது அமெரிக்கச் சட்டம் இல்லை, அவர் விரும்பி ஏற்ற கீழ்ப்படிதல். அரசு அதிகாரத்தில் பங்கு தரும் பதவிகளைக் குருக்கள் ஏற்கக்கூடாது என்று 1983இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பு தெளிவாகவே சொல்லிவிட்டது. பராகுவேயில் ஆயராக இருந்த பெர்னாண்டோ லூகோ 2008இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் வென்றபோது, போப் அவரைக் குருத்துவக் கடமைகளிலிருந்து விடுவித்துப் பொதுநிலையினராக்கினார். அதற்குப் பிறகே அவர் பதவியேற்றார். சுத்தமான ஏற்பாடு.

எல்லாச் சபைக்கும் ரோம் கிடையாது என்பது தெரியும். பாப்டிஸ்ட் சபைகளில் போதகரை வைத்துக்கொள்வதும் அனுப்புவதும் அந்தந்தச் சபையாரின் உரிமை. ரஃபேல் வார்னாக் 2021 முதல் அமெரிக்க செனட்டராக இருந்துகொண்டே அட்லாண்டாவின் எபனேசர் சபைக்குப் போதகராகவும் தொடர்கிறார். அவருடைய அரசியலில் எனக்கு உடன்பாடு அதிகம். இருந்தாலும் பதவிக்காலம் முடியும்வரை அந்த மேடையை வேறொருவரிடம் ஒப்படைத்திருக்கலாம் என்றே நினைக்கிறேன். பிடித்த ஆளுக்கு ஒரு நியாயம், பிடிக்காத ஆளுக்கு ஒரு நியாயம் என்று வைத்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

கட்டுரையில் எனக்குப் பெரிய குறையாகப் பட்டது வேறொன்று. தேர்தலில் நிற்கும் மதகுருவைப் பார்த்து இவ்வளவு பயப்படுகிறவர், நிற்காமலேயே ஆள்பவர்களைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. நிற்பவர் நம்மிடம் வந்து ஓட்டுக் கேட்டாக வேண்டும், கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும், தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டும். ஈரானின் காவலர் மன்றத்தில் பன்னிரண்டு பேர். அதில் ஆறு மதகுருமாரை நேராக உச்சத் தலைவரே நியமிக்கிறார். தேர்தலில் யார் நிற்கலாம் என்று முடிவு செய்வது இந்த மன்றம். மக்களாட்சியின் தாய்வீடு என்று சொல்லப்படும் பிரிட்டனில் இருபத்தாறு ஆங்கிலிக்கன் ஆயர்கள் யாருடைய ஓட்டும் வாங்காமல் மேலவையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதே நாட்டில், குருத்துவத்தையே விட்டுவிட்டு வந்த முன்னாள் கத்தோலிக்கக் குருகூட 2001 வரை கீழவைக்குப் போட்டியிட முடியாது! தேர்ந்தெடுக்கப்படுவதற்குத் தடை, நியமனத்துக்குத் தாராளம்.

அப்புறம், பிரசங்கத்தின் நடுவே இன்னாருக்கு ஓட்டுப் போடுங்கள் என்று சொல்பவர்கள். வரிவிலக்கு பெறும் அறநிறுவனங்களும் சபைகளும் எந்த வேட்பாளரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது என்று அமெரிக்காவில் 1954இலேயே சட்டம் வந்தது. அதை அமல்படுத்திய லட்சணம்தான் பரிதாபம். 1992 தேர்தலுக்குச் சற்று முன் கிளிண்டனுக்கு எதிராக நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்த நியூயார்க் மாநிலச் சபை ஒன்று வரிவிலக்கை இழந்தது. 2000இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதைச் சரியென்றது. அப்படிச் சிக்கிய சபைகள் அபூர்வம். 2025 ஜூலையில் வரித்துறையே ஒரு வழக்கில், வழிபாட்டின்போது சபையாரிடம் வேட்பாளரைப் பற்றிப் பேசுவது அந்தச் சட்டத்தை மீறியதாகாது என்று எழுதிக் கொடுத்துவிட்டது. வரிவிலக்கு என்பது மற்ற எல்லோரும் சேர்ந்து தாங்கும் சுமை. அந்தச் சலுகையில் எழும்பிய மேடையிலிருந்து ஒரு கட்சிக்கு ஓட்டுக் கேட்டால், அந்தக் கட்சிக்கு மாற்றுக் கட்சிக்காரரும் கடவுள் மறுப்பாளரும் சேர்ந்து செலவு செய்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

ஆகவே வேட்பாளராக வரும் மதகுருவிடம் உங்கள் இதழ் இரண்டு கேள்விகளை அச்சில் கேட்கட்டும்: வென்றால் மேடையை யாரிடம் ஒப்படைப்பீர்கள்? தேர்தல் முடியும்வரை உங்கள் சபையின் பணமும் கட்டடமும் ஊழியர்களும் யாருக்கு வேலை செய்வார்கள்? வேட்புமனு போடாமல் மேடையிலிருந்தே வேட்பாளரைக் கைகாட்டும் தலைவர்களைப் பற்றி, அதே கட்டுரையாளரை இன்னொரு கட்டுரை எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்