பழைய செல்போன் பில்லில் பேட்டரியின் நிலையையும் எழுதித் தரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய செல்போன் வாங்கப் போனால் கேமரா, திரை, நினைவகம் என்று எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்கிறோம். பேட்டரிக்கு இன்னும் எவ்வளவு தெம்பு மிச்சம் இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. கேட்டாலும் சரியான பதில் கிடைப்பதில்லை. எங்களுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

என் தம்பி தேங்காப்பட்டணத்திலிருந்து ஃபைபர் வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவன். சென்ற ஆனி மாதம் நாகர்கோவிலில் ஒரு கடையில் 7,500 ரூபாய்க்குப் பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்று வாங்கினான். நானும் கூடப் போயிருந்தேன். பேட்டரி எப்படி என்று கேட்டதும் கடைக்காரர் *#*#4636#*#* என்று தட்டினார். பேட்டரி விவரத்தில் ‘குட்’ என்று வந்தது. "போனே சொல்கிறது, பாருங்கள்" என்றார். நம்பி வாங்கி வந்தோம்.

ஆடிக் கடல் எப்படி இருக்கும் என்று எங்கள் கரையில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. தேங்காப்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு, அலையில் வள்ளம் கவிழ்ந்து போன உயிர்களை எண்ணி மாளாது. திரும்பி வரும்போது சிக்னல் எட்டியவுடன் எனக்குப் போன் செய்து, முகத்துவாரத்தில் அலை எப்படி என்று தம்பி கேட்பது வழக்கம். ஆடியில் ஒருநாள் அப்படிக் கேட்டான். நான் ஏலம் விடும் இடத்தில் நின்றிருந்தேன். "உள்ளே வராதே, குளச்சலுக்குத் திருப்பு" என்று சொல்லத் தொடங்கியதுதான், பேச்சு அறுந்தது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்ற பதிவுக்குரல்தான் வந்தது. பின்னால் வந்த வள்ளத்துக்காரர்கள் கைகாட்டித் தடுத்து அவனையும் குளச்சலுக்குக் கூட்டிப்போனார்கள் என்று தெரிய இரண்டு மணி நேரம் ஆயிற்று. அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றி எழுத என்னால் முடியவில்லை.

போன் அணைந்தபோது 38 சதவீதம் சார்ஜ் இருந்ததாம். அது எப்படி என்று மார்த்தாண்டத்தில் பழுது பார்க்கும் அண்ணன் ஒருவரிடம் கேட்டேன். பின்மூடியைச் சூடாக்கிக் கழற்றிக் காட்டினார். தட்டையாக இருக்க வேண்டிய பேட்டரி, நடுவில் சிறு தலையணை போல உப்பியிருந்தது. பேட்டரி பழசாக ஆக அதன் கொள்ளளவும் குறையும், உள்மின்தடையும், அதாவது மின்சாரம் வெளியே வருவதற்கு உள்ளேயே இருக்கும் தடையும், கூடும் என்றார். கரையிலிருந்து தள்ளி சிக்னல் மெலிந்த இடத்தில் போன் கூடுதல் மின்சாரத்தை இழுக்கும். தளர்ந்த பேட்டரி அதைக் கொடுக்க முடியாமல் மின்னழுத்தம் சட்டென்று இறங்கிவிடும், சார்ஜ் மிச்சமிருந்தாலும் போன் அணைந்துவிடும். போன் மிக அவசியமான இடத்திலேயே அது கைவிடுவதன் காரணம் இதுதான்.

அந்த ‘குட்’ என்ற சொல்லுக்கும் விளக்கம் சொன்னார். பேட்டரி அந்த நேரத்தில் அளவுக்கு மீறிச் சூடாகவில்லை, மின்னழுத்தம் எல்லை தாண்டவில்லை என்பதுதான் அதன் பொருள். புதிதில் 5,000 எம்.ஏ.எச். (பேட்டரிக் கொள்ளளவின் அலகு) பிடித்த பேட்டரி இன்று 3,000 மட்டுமே பிடித்தாலும் அங்கே ‘குட்’ என்றே வரும். கடைக்காரருக்கு இது தெரிந்திருந்ததா என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் சொல்லியிருந்தாலும் கேடு கேடுதான்.

நாம் பார்க்க வேண்டியது, புதிதில் இருந்த கொள்ளளவில் எத்தனை சதவீதம் மிச்சம் என்பதை. ஐபோனில் 2018 முதல் அமைப்புகளுக்குள் பேட்டரி பகுதியில் இது தெரிகிறது. சாம்சங் போன்களில் சாம்சங் மெம்பர்ஸ் செயலியில் பேட்டரியைச் சோதிக்கும் வசதி உண்டு. மற்ற பல ஆண்ட்ராய்டு போன்களில் அக்குபேட்டரி போன்ற செயலியைப் போட்டு, பல முறை சார்ஜ் ஏற்றிய பிறகுதான் ஓரளவு கணிக்க முடியும். கடையில் நிற்கும் ஐந்து நிமிடத்தில் அது நடக்குமா? 80 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால் பேட்டரியை மாற்றும் காலம் வந்துவிட்டது என்பது பொதுவான கணக்கு.

டேப்லெட் வைத்திருப்பவர்கள் இன்னும் இருட்டில் இருக்கிறார்கள். ஐபேடுகளிலேயே 2024-இல் வந்த புதிய மாடல்களில்தான் இந்த விவரம் அமைப்புகளில் காட்டப்பட்டது. என் மகள் படிக்கும் டேப்லெட் இரவும் பகலும் சார்ஜரிலேயே கிடந்தது. ஒருநாள் மேசையில் வைத்தால் ஆடுகிறது. ஓரத்தில் கண்ணாடி நகக்கண் அளவுக்குத் தூக்கியிருந்தது. எப்போதும் நூறு சதவீதத்தில் இருப்பதும் வெப்பமும் இந்தக் கருவிகளில் இருக்கும் லித்தியம் அயான் வகை பேட்டரியைச் சீக்கிரம் கெடுக்கும். தம்பியின் போனும் நெகிழி உறைக்குள் கட்டப்பட்டு வெயிலில் வெந்ததுதானே. இப்படி உப்பிய பேட்டரியை அழுத்தவோ குத்தவோ வேண்டாம், தீப்பிடிக்கும். அதற்குச் சார்ஜ் போடுவதையும் உடனே நிறுத்திவிட வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் புதிதாகச் சந்தைக்கு வரும் செல்போன், டேப்லெட்டுகளின் பேட்டரி, 800 முறை முழுதாக ஏறி இறங்கிய பிறகும் 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. பேட்டரியின் நிலையைப் பயனாளரே பார்க்கவும் வழி செய்ய வேண்டுமாம். அங்கே விற்கும் நிறுவனங்கள் பலவும்தான் இங்கேயும் விற்கின்றன. அங்கே காட்ட முடிகிறதை நம் மக்களுக்கு மட்டும் ஏன் மறைக்க வேண்டும்? வாங்கும் பொருளின் தரத்தை அறியும் உரிமையை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நமக்கும் கொடுத்திருக்கிறது. பழைய போன் விற்கும் ஒவ்வொரு கடையும் பேட்டரியின் சதவீதத்தையும் சோதித்த தேதியையும் பில்லில் எழுதித் தர வேண்டும் என்று அரசு உத்தரவிட வேண்டும். குளச்சல் முதல் நீரோடி வரையுள்ள கடற்கரை ஊர்களில் மீன்வளத்துறை நடத்தும் கூட்டங்களில் உயிர்காப்புச் சட்டையைப் பற்றிச் சொல்லும்போது இதையும் ஒரு வார்த்தை சொல்லலாம். ஏமாற்றப்பட்டவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். நானும் செய்திருக்கிறேன்.

மார்த்தாண்டத்து அண்ணன் 1,400 ரூபாய்க்குப் புதுப் பேட்டரி போட்டுத் தந்தார். ஒரு வாரம் கழித்துச் செயலியில் பார்த்தபோது 96 சதவீதம் காட்டியது. அதைப் பில்லின் பின்பக்கம் தேதியோடு எழுதிக் கையெழுத்திட்டுத் தரும்படி கேட்டேன். மறு பேச்சில்லாமல் எழுதிக் கொடுத்தார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தேங்காப்பட்டணம், கன்னியாகுமரி மாவட்டம்.