கிழவியின் பதில்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் நம் டர்பன் நகரத்துக் குரங்குகளைப் பற்றி எழுதியவர், "வேலையற்ற கிழவிகளைப் போல் ஒன்றுக்கொன்று பேன் பார்த்தே பொழுதைக் கழிக்கின்றன, பொறிவைத்துப் பிடித்துத் தொலைவில் விட்டுவிட வேண்டும்" என்று தீர்ப்பளித்திருக்கிறார். கிழவி என்ற முறையில் பதில் எழுத எனக்குத் தகுதி உண்டு.

என் சமையலறைச் சன்னலுக்கு எதிரே மதில். வெயில் ஏறியதும் வெர்வெட் இனக் குரங்குகள் இரண்டு அதில் வந்து அமரும். ஒன்று கைகளைத் தொங்கவிட்டுக் குப்புறப் படுத்துக்கொள்ளும். மற்றது விரலால் மயிரை வகிர்ந்து, எதையோ கிள்ளியெடுத்து வாயில் போட்டுக்கொள்ளும். பிறகு முறை மாறும். பக்கத்து வீட்டு நாய் பாய்ந்து வந்தால் இரண்டும் சேர்ந்தே சீறும்.

இது வெட்டிப்பொழுது அல்ல, கொடுக்கல் வாங்கல். தங்களுக்குத் தெரியாததா? கென்யாவின் அம்போசெலியில் சேஃபார்த், செனி என்ற ஆய்வாளர்கள் வெர்வெட் குரங்குகளிடம் நடத்திய சோதனை 1984இல் வெளிவந்தது. துணைக்கு அழைக்கும் குரலைப் பதிவுசெய்து ஒலிக்கவிட்டார்கள். சற்று முன் தனக்குப் பேன் பார்த்த குரங்கின் குரல் என்றால், உறவில்லாத குரங்கும் அந்தப் பக்கமே கூடுதல் நேரம் பார்த்ததாம். உறவினரிடம் இந்தக் கணக்குக்கூடக் கிடையாது. ஆண்கள் வளர்ந்ததும் வேறு கூட்டம் தேடிப் போய்விடும். பெண்களோ பிறந்த கூட்டத்திலேயே வாழ்ந்து முடிப்பவை. தாய்க்குள்ள இடம்தான் மகளுக்கும். அதைப் பிடித்துத் தொலைவில் விட்டால் அங்கே அதற்கு யார் இருக்கிறார்கள்?

கொண்டுபோய் விடுவதைப் பற்றி எங்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழுப்பகுதிச் சட்டத்தைக் காட்டிக் கேட்டோ மேனரிலிருந்து எங்களைச் சாட்ஸ்வர்த்துக்கு அள்ளிவந்தபோது, ஒரே முற்றத்தில் இருந்த அத்தைக்கு வேறு யூனிட்டில், அதாவது வேறு குடியிருப்புப் பிரிவில் வீடு. அம்மாவுக்குப் பிரசவ வலி கண்ட இரவில் கதவைத் தட்டக்கூடத் தெரிந்த முகம் இல்லை. இதைப் பற்றி முன்பு நான் எழுதிய கடிதத்துக்குத் தங்கள் இதழில் இடமில்லாமல் போயிற்று. அதே இதழில் சோபா விளம்பரத்துக்கு முழுப் பக்கம் இருந்தது, பாக்கியசாலி சோபா. தமிழ்ப் பகுதியும் தேய்ந்துகொண்டே வருகிறது, எழுத்தோ எறும்பு அளவு.

குரங்குகள் திருடுவதில்லை என்று நான் சொல்லவில்லை. மேசைமேல் வைத்த ரொட்டி கண்ணெதிரே போயிருக்கிறது. சன்னலுக்குக் கம்பிவலை அடித்தேன், தொல்லை தீர்ந்தது. அவர் அதை எழுதியிருந்தால் நாலு பேருக்குப் பயன்பட்டிருக்கும்.

அடுத்த இதழில் அந்த 'வேலையற்ற கிழவிகள்' வரிக்கு ஒரு திருத்தம் போட வேண்டுகிறேன். சற்றுப் பெரிய எழுத்தில் போட்டால் நானும் படிப்பேன்.

இப்படிக்கு,
பழைய வாசகி,
சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா