சதவீதம் குறைந்தால் அதற்கான காரணத்தையும் எழுதித் தர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகை கேட்டு என் தம்பி கொடுத்த விண்ணப்பம் முதலில் நிராகரிக்கப்பட்டு, மேல்முறையீட்டுக்குப் பிறகே ஏற்கப்பட்டது. இடையில் பதினேழு மாதங்கள் கழிந்தன. அந்த மாதங்களில் நாங்கள் அறிந்துகொண்டவை இதே நிலையில் இருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்பதாலும், அரசு மிகச் சிறிய ஒரு மாற்றத்தைச் செய்தாலே இந்த அலைச்சல் பலருக்கு நேராது என்பதாலும் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

தம்பி கொத்தனார் வேலை பார்த்தவன். இரண்டாம் மாடியில் பூச்சு வேலை நடந்தபோது சாரம் சரிந்து விழுந்ததில் முதுகுத்தண்டில் அடிபட்டது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு வாக்கரைப் பிடித்துக்கொண்டு பத்தடி நடப்பான். அதற்கு மேல் கால்கள் தாங்காது. சிறுநீரையும் அடக்க முடியாது. உணர்வு வந்த நொடியே போய்விடும். வெளியே கிளம்பும் நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டான்.

உதவித்தொகைக்குத் தேவையான மாற்றுத்திறனாளி சான்றிதழ் வழங்கும் முகாமுக்கு அவனை ஆட்டோ பிடித்து அழைத்துச் சென்றோம். அன்று நல்ல கூட்டம். மருத்துவர் கால்களைத் தட்டிப் பார்த்தார், நடந்து காட்டச் சொன்னார், எழுதினார். ஐந்து நிமிடத்தில் முடிந்தது. சிறுநீர்ப் பிரச்சினையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பின்னால் பெண்களும் பிள்ளைகளுமாக வரிசை நின்றதால் தம்பியும் வாய் திறக்கவில்லை. திரும்பி வரும்போது, "ஏன்டா சொல்லல?" என்று கேட்டேன். "அத்தனை பேர் நிக்கிறப்ப எப்பிடிக்கா சொல்றது?" என்றான். அவனிடம் கேட்கவேண்டிய கேள்வி அது அல்ல என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

சான்றிதழில் பாதிப்பு 65 சதவீதம் என்று வந்தது. மாதம் 2,000 ரூபாய் வழங்கும் இந்தத் திட்டத்தில், கை கால் பாதிப்பு உள்ளவர்கள் 'கடுமையாகப் பாதிக்கப்பட்டோர்' என்ற பிரிவில் சேர 75 சதவீதம் வேண்டும். எனவே விண்ணப்பம் தள்ளுபடியானது. 74 உள்ளவருக்கு ஒரு ரூபாயும் இல்லை, 75 உள்ளவருக்கு முழுத்தொகை என்று கோடு கிழித்திருக்கும்போது, அந்த எண் எப்படி வந்தது என்பது ஒரு குடும்பத்தின் சோற்றைத் தீர்மானிக்கும் கேள்வியாகிவிடுகிறது. எங்களுக்குக் கிடைத்த பதிலிலோ அந்த எண் மட்டுமே இருந்தது. யாரிடம் முறையிடலாம் என்ற ஒரு வரிகூட அதில் இல்லை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 59ஆவது பிரிவு, சான்றளிக்கும் அதிகாரியின் முடிவை எதிர்த்து மாநில அரசு நியமித்துள்ள மேல்முறையீட்டு அதிகாரியிடம் செல்ல எவருக்கும் உரிமை தருகிறது. ஓய்வுபெற்ற ஆசிரியையான எனக்கே இது தெரிந்திருக்கவில்லை. சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் மூலம் கிடைத்த வழக்கறிஞர்தான் எடுத்துச் சொன்னார். மாற்றுத்திறனாளி என்றால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசச் சட்ட உதவி தரவேண்டும் என்று 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டமே சொல்கிறது என்பதையும் அவரிடமிருந்துதான் அறிந்தேன்.

அவர் முதலில் செய்யச் சொன்னது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, முகாமில் எழுதப்பட்ட மதிப்பீட்டுத் தாளின் நகலைக் கேட்பது. முப்பது நாளைக்குள் நகல் வந்தது. கால்களுக்கு 65 என்று எழுதியிருந்தது. சிறுநீர்ப்பைக்கு உரிய இடம் வெற்றாக இருந்தது.

ஒருவருக்கு இரண்டு பாதிப்புகள் இருந்தால் அவற்றை அப்படியே கூட்டுவதில்லை. பெரிய எண்ணை முதலில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு 90இலிருந்து அதைக் கழித்து, வரும் மீதியைச் சிறிய எண்ணால் பெருக்கி, 90ஆல் வகுத்து, அதைப் பெரிய எண்ணுடன் சேர்க்க வேண்டும். தம்பியின் சிறுநீர்ப்பைப் பாதிப்பு மறுபரிசோதனையில் 50 என்று மதிப்பிடப்பட்டது. 90இல் 65 போக 25. அதை 50ஆல் பெருக்கி 90ஆல் வகுத்தால் ஏறக்குறைய 14. ஆக மொத்தம் 79. முகாம் நாளிலும் அவன் உடம்பு இதே உடம்புதான்.

மேல்முறையீட்டு மனுவுடன் அறுவை சிகிச்சையின் டிஸ்சார்ஜ் சம்மரி, எம்.ஆர்.ஐ. அறிக்கை, சிறுநீரியல் மருத்துவரின் குறிப்பு ஆகியவற்றை வைத்தோம். மதிப்பீட்டுத் தாளில் எந்த இடம் விடுபட்டது என்பதையும் தனியே ஒரு பக்கத்தில் எழுதினோம். 'மறுபரிசீலனை செய்யுங்கள்' என்று பொதுவாகக் கெஞ்சி எழுதும் மனுவைவிட, விடுபட்டதைச் சுட்டிக்காட்டும் மனுவுக்கே பதில் சொல்லியாக வேண்டிய கட்டாயம் ஏற்படும் என்பது என் அனுபவம். திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தால், ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, முகாமுக்குப் போகும்முன்பே சொல்லக் கூச்சமான உபாதைகளை ஒரு தாளில் எழுதி எடுத்துச் சென்று மருத்துவரின் கையில் கொடுத்துவிடுங்கள். எங்களுக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை.

அரசிடம் நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியம் அல்ல. சான்றிதழே மறுக்கப்பட்டால் அதற்கான காரணத்தை எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்கவேண்டும் என்று விதிகள் சொல்கின்றன. ஆனால் 65 என்று ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டால், சட்டத்தின் பார்வையில் அங்கே எதுவும் மறுக்கப்படவில்லை. ஏனெனில் 2016ஆம் ஆண்டின் அந்த உரிமைச் சட்டம் வைத்திருக்கும் அளவுகோல் 40 சதவீதம். உதவித்தொகைக்காகக் காத்திருப்பவருக்கோ அந்த 65தான் மறுப்பு. ஆகவே சான்றிதழோடு மதிப்பீட்டுத் தாளின் நகலையும் கேட்காமலேயே கொடுக்க வேண்டும். நிராகரிப்புக் கடிதம் ஒவ்வொன்றிலும் மேல்முறையீட்டு அதிகாரி யார், எத்தனை நாளைக்குள் விண்ணப்பிக்க வேண்டும், இலவசச் சட்ட உதவி எங்கே கிடைக்கும் என்ற மூன்று விவரங்களையும் தமிழில் அச்சிட வேண்டும். முகாம்களில் மறைப்புத் துணியாவது கட்டி, ஒருவரோடு தனியே பேச இடம் ஒதுக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. தம்பிக்கு உதவித்தொகை, புதிய சான்றிதழை வைத்து மறுபடி விண்ணப்பித்து ஆணை பெற்ற மாதத்திலிருந்துதான் வருகிறது. முதல் மதிப்பீடு தவறு என்று ஏற்றுக்கொள்ளப்பட்ட பின்னும், அந்தத் தவற்றால் போன பதினேழு மாதத் தொகையான 34,000 ரூபாய் கிடைக்கவில்லை. அந்த மாதங்களில் அவன் மனைவி சீட்டுப் பணத்தைத் தள்ளி எடுத்தும், தோட்டை அடகு வைத்தும் மருந்து வாங்கினாள்; தோடு இன்னும் திரும்பவில்லை. மேல்முறையீட்டில் சதவீதம் திருத்தப்பட்டவர்களுக்கு முதல் விண்ணப்பத்தின் தேதியிலிருந்து கணக்கிட்டு நிலுவைத் தொகையை வழங்க அரசு ஆணை பிறப்பிக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
மதுரை மாவட்டம்.
(தம்பியின் நலன் கருதி என் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம்.)