காவல் நிலைய கேமரா: பதிவு எத்தனை நாள் தங்குகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காவல் நிலையத்தில் கேமரா வேண்டுமா என்ற பேச்சு 2020 டிசம்பர் 2-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் எங்கெங்கே கேமரா இருக்க வேண்டும் என்று இடம் இடமாகச் சொன்னது. வாசல், லாக்-அப், வராந்தா, ஆய்வாளர் அறை, உதவி ஆய்வாளர் அறை, கட்டடத்தின் பின்பக்கம், கழிவறைக்கு வெளியே என்று அந்தப் பட்டியல் நீளும். இரவிலும் படம் தெரிய வேண்டும், குரலும் பதிய வேண்டும். இனி கேட்க வேண்டியது, அந்தப் பதிவு எத்தனை நாள் தங்குகிறது, அதை அழிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதுதான்.

சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தாக்கப்பட்ட தந்தையும் மகனும் 2020 ஜூனில் இறந்த வழக்கில், நேரில் போய் விசாரித்த நீதித்துறை நடுவர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு அறிக்கை கொடுத்தார். ஹார்டு டிஸ்க்கில் 1 டெராபைட் இடம் இருந்தும், அன்றன்றைய பதிவு தானாகவே அழியும்படி செட்டிங் வைக்கப்பட்டிருந்தது என்றது அந்த அறிக்கை. கேமரா இருந்தது; ஜூன் 19 இரவுப் பதிவு இல்லை.

செட்டிங்கை யாரும் தொடாவிட்டாலும் கணக்கு உதைக்கிறது. 16 கேமரா உள்ள ஒரு நிலையம் என்று வைத்துக்கொள்வோம். 2 மெகாபிக்சல் கேமராவுக்கு நொடிக்கு 1 மெகாபிட் என்று கையைச் சுருக்கிப் பிடித்தாலும், ஒரு கேமராவுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 11 ஜிபி ஆகும். பதினாறுக்கும் சேர்த்து 173 ஜிபி. அந்த 1 டெராபைட் ஆறு நாள் தாங்காது. நிரம்பியதும் பழையதன் மேல் புதியது பதியத் தொடங்கிவிடும். தீர்ப்பு கேட்பதோ 18 மாதப் பதிவு. அந்த அளவுக்குக் கருவி கிடைக்காவிட்டாலும் ஓராண்டுக்குக் குறையவே கூடாது என்கிறது. ஓராண்டுக்கு 63 டெராபைட், அதாவது 8 டெராபைட் டிஸ்க் எட்டு வேண்டும். 18 மாதம் என்றால் 95 டெராபைட்டை நெருங்கும். டெண்டரில் கேமரா எண்ணிக்கையை மட்டும் எழுதி டிஸ்க் அளவைக் கோட்டைவிட்டால், திறப்பு விழா முடிந்த அடுத்த வாரமே தீர்ப்பை மீறியாகிவிட்டது.

இடத்தை மிச்சம் பிடிக்க 'அசைவு இருந்தால் மட்டும் பதிவு' என்று வைப்பதும் உண்டு. மங்கலான லாக்-அப்பில் சுருண்டு கிடப்பவர் கருவிக்கு அசைவாகவே தெரியமாட்டார். இன்னொன்று கடிகாரம். கேமரா படங்களைப் பதிந்து வைக்கும் கருவியான டிவிஆரின் நேரம் மெல்ல மெல்ல விலகும். உள்ளிருக்கும் சின்ன பேட்டரி செத்துவிட்டால், மின்சாரம் போய் வந்ததும் தேதியே மாறிவிடும். நிலையத்தில் அன்றாட நிகழ்வுகளை எழுதும் பொது நாட்குறிப்பில் மாலை 4 மணி, படத்தில் 3.10 என்று இருந்தால் நீதிமன்றத்தில் அந்தப் பதிவு நிற்பது கஷ்டம். இணையம் வழியாக நேரத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் வசதி டிவிஆரிலேயே இருக்கிறது, அதை ஆன் செய்தால் போதும். அட்மின் பாஸ்வேர்டு மட்டும் நிலையத்தில் இருக்கக் கூடாது. யார் செட்டிங்கை மாற்றினார், யார் ஃபார்மட் செய்தார் என்பதற்கும் கருவியில் தானாகப் பதியும் ஒரு குறிப்பேடு (லாக்) இருக்கும். அதையும் மாதந்தோறும் வெளியே எடுத்து வைக்காவிட்டால் அதுவும் அழிந்துபோகும்.

'கழிவறையில் வழுக்கி விழுந்தார்' என்ற விளக்கமும், மாவுக்கட்டோடு வரும் புகைப்படமும் தமிழ்நாட்டில் யாருக்கும் புதிதல்ல. கழிவறை வாசல் கேமரா ஒழுங்காக ஓடினால், உள்ளே போகும்போது கை எப்படி இருந்தது, வெளியே வரும்போது எப்படி இருந்தது என்று தெரிந்துவிடும். உண்மையிலேயே விழுந்திருந்தால் காவலருக்கும் அதைவிட நல்ல சாட்சி கிடையாது. கேமராவைக் கண்டு சில காவலர்கள் ஏன் எரிச்சலடைகிறார்கள் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஆனால் ஸ்டேஷனுக்கே கொண்டுவராமல் வெளியில் வைத்து விசாரித்தால் இதெல்லாம் வீண். 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளி காவலர்கள் தாக்கியதில் இறந்த வழக்கில் ஊரே பார்த்த காட்சி, ஒருவர் மறைந்திருந்து கைபேசியில் எடுத்தது. சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் 105-ஆம் பிரிவு சொல்கிறது. வெளியே நடக்கும் விசாரணைக்கு அப்படியொரு கட்டாயம் வந்தாக வேண்டும்.

பிடித்துச் செல்லப்பட்டவரின் குடும்பத்தார் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுவிட்டு 30 நாள் காத்திருப்பது பெரிய பிழை. முதல் வேலையாக அன்றைக்கே பதிவைப் பாதுகாக்கச் சொல்லிக் கடிதம் கொடுக்க வேண்டும். நிலையத்தின் பெயர், தேதி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை, எந்தெந்தக் கேமரா என்பதைக் குறிப்பிட்டு நிலைய அலுவலருக்குப் பதிவுத் தபாலிலும், நகலை எஸ்.பி.க்கும் ஆட்சியருக்கும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். ரிமாண்டுக்குக் கொண்டுவரும்போது, பதிவை வரவழைக்கும்படி நடுவரிடம் பிஎன்எஸ்எஸ் 94-ஆம் பிரிவில் மனு கொடுக்கலாம். நகல் எடுக்கும்போது, கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பும், புதிய சாட்சியச் சட்டம் 63-ஆம் பிரிவின் சான்றிதழும் சேர்ந்து வர வேண்டும். வெறும் பென் டிரைவ் மட்டும் வந்தால் குறுக்கு விசாரணையில் சிக்கல்தான்.

இதையெல்லாம் மேற்பார்க்க மாவட்டந்தோறும் ஒரு குழு வேண்டும் என்று அதே 2020 டிசம்பர் தீர்ப்பு சொல்கிறது. எஸ்.பி., ஆட்சியர், மேயர் அல்லது மாவட்ட ஊராட்சித் தலைவர் அதில் உண்டு. கேமரா பழுதானால் நிலைய அலுவலர் இந்தக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும்; குழு மாநிலக் குழுவுக்கு மாதந்தோறும் அறிக்கை தர வேண்டும். காவல் துறைக்கு வெளியிலிருந்து ஒரு கண் இங்கே அவசியம். ஏனென்றால் 2013-ஆம் ஆண்டின் தமிழ்நாடு காவல் (சீர்திருத்தங்கள்) சட்டம், காவல்துறைக்கு எதிரான புகார்களை விசாரிக்கும் ஆணையத்துக்கே உள்துறைச் செயலரைத் தலைவராக்கியது. 2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த இடத்துக்கு ஓய்வு பெற்ற நீதிபதியைச் சொல்லியிருந்தது.

மாவட்டக் குழுக்கள் இப்போதைக்கு ஒரே ஒரு தாளைக் கேட்டு வாங்கினால் போதும்: ஒவ்வொரு நிலையத்திலும், கேமரா வாரியாக, கையிருப்பில் உள்ள மிகப் பழைய பதிவின் தேதி. அதை மாதம் பிறந்ததும் நிலைய அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வழக்கறிஞர் ஒருவர், மதுரை