மரத்துப்போகும் விரல்களும் எடைப்பயிற்சியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் உடல்நலப் பக்கத்தில் எடைப்பயிற்சி குறித்து வெளிவரும் கட்டுரைகளைத் தவறாமல் படித்துவருகிறேன். நடுத்தர வயதைக் கடந்தவர்களும் தயக்கமின்றி டம்பெல்லைக் கையில் எடுப்பதில் இத்தகைய கட்டுரைகளுக்குப் பங்கு உண்டு. ஆனால் அவற்றில் முதுகுவலியும் மூட்டுவலியும் பேசப்படும் அளவுக்கு, மணிக்கட்டிலும் முழங்கையிலும் நரம்பு அழுத்தப்படுவதால் உண்டாகும் வலி பேசப்படுவதில்லை. பல ஆண்டுகளாக எடைப்பயிற்சி செய்பவன், அந்த இரண்டு இடங்களிலும் இந்த வலியை அனுபவித்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

உடற்பயிற்சிக்கூடங்களில் வலி என்றாலே அது தசைவலி என்று எடுத்துக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. சுண்டுவிரல் மரத்துப்போகிறது என்று நான் சொன்னபோது, "வலித்தால்தான் உடம்பு ஏறும், விடாமல் செய்யுங்கள்" என்பதே பயிற்சியாளரிடமிருந்து எனக்குக் கிடைத்த பதில். உழைத்த தசையில் மறுநாள் தோன்றி, ஓரிரு நாளில் தானாகத் தணியும் வலிக்கு வேண்டுமானால் அந்தப் பதில் பொருந்தலாம். நரம்புக்கு அது பொருந்தவே பொருந்தாது. தசை பளுவைத் தாங்கித் தாங்கி வலுவடையும். நரம்போ, அழுத்தம் நீடித்தால் முதலில் தன் ரத்த ஓட்டத்தை இழந்து, பிறகு தன் மேலுறையை இழந்து, கடைசியில் இழையே சிதையும் நிலைக்குப் போகும். எடையைத் தூக்கும் நேரத்தில் ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டு, நள்ளிரவில் எரிச்சலும் ஊசி குத்தும் உணர்வுமாக எழுப்பிவிட்டு, கையை உதறினால் சற்றே அடங்குவது நரம்பு வலியின் இயல்பு.

எந்த விரல் மரக்கிறது என்பதைக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் நடுவிரலை ஒட்டிய பாதி ஆகியவை மரத்தால், பெரும்பாலும் மணிக்கட்டின் நடுவே செல்லும் மீடியன் நரம்பு அழுத்தப்படுகிறது. அங்கே ஒன்பது தசைநாண்களும் (தசையை எலும்போடு இணைப்பவை) அந்த ஒரு நரம்பும் ஒரே குறுகிய வழியில் செல்கின்றன. மேலே கூரையாக இருக்கும் தசைநார் (எலும்புகளைப் பிணைக்கும் பட்டை) எளிதில் விரிந்துகொடுக்காது. ஆகவே தசைநாண்களின் உறை சற்று வீங்கினாலும் நசுங்குவது நரம்புதான். சுண்டுவிரலும் மோதிர விரலின் மறுபாதியும் மரத்தால், முழங்கையின் உட்புற எலும்பு முனைக்குப் பின்னால் செல்லும் அல்நார் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். தெரியாமல் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல்வரை கரண்ட் அடித்ததுபோல் சுர்ரென்று ஓடுமே, அந்த இடம்தான். முழங்கையை இறுக மடக்கும்போது இந்த நரம்பு இழுபடுவதோடு, அது செல்லும் வழியும் குறுகுகிறது.

இதே அல்நார் நரம்பு மணிக்கட்டருகே, சுண்டுவிரல் பக்கத்து உள்ளங்கை மேட்டிலும் நசுங்கக்கூடும். புறங்கையில் சுண்டுவிரல் பக்கத் தோலும் மரத்திருந்தால் கோளாறு முழங்கையில் இருக்கவே வாய்ப்பு அதிகம். புறங்கை இயல்பாக இருந்து விரல் மட்டும் மரத்தால் மணிக்கட்டைப் பார்க்க வேண்டும். அந்தத் தோலுக்குரிய கிளை மணிக்கட்டை எட்டும் முன்பே பிரிந்துவிடுவதே இதற்குக் காரணம். கழுத்தெலும்புகளிடையே நரம்பின் வேர் அழுத்தப்பட்டாலும் இதே விரல்கள் மரக்கும் என்பதையும் மறக்கக்கூடாது.

இந்த வலி வந்தவர்களிடம் பயிற்சியை அடியோடு நிறுத்திவிடும்படி சொல்வதும் சரியான வழி அல்ல என்பது என் கருத்து. பெரும்பாலும் மாற்ற வேண்டியது கையின் கோணத்தையும் பிடியையும்தான். பெஞ்சில் படுத்து எடைக்கம்பியை (பார்) மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ் செய்யும்போது அந்தப் பார் விரல்களின் பக்கம் ஏறி அமர்ந்தால் மணிக்கட்டு பின்னோக்கி மடிந்து, அந்தக் குறுகிய வழியில் அழுத்தம் கூடுகிறது. அதே பாரை உள்ளங்கையின் அடிப்பகுதிக்கு இறக்கிப் பிடித்தால், எடை முன்கை எலும்புகளின் மேல் நேராக இறங்கி மணிக்கட்டு நிமிர்ந்து நிற்கும். ஒரு விரற்கடை அளவு மாற்றம்தான். ஆனால் அன்றைய இரவுத் தூக்கத்தில் அதன் பலன் தெரியும். தரையில் உள்ளங்கையை விரித்து ஊன்றிச் செய்யும் தண்டாலில் மணிக்கட்டு ஏறக்குறைய செங்கோணத்துக்கு மடிகிறது என்பதால், அதற்குரிய கைப்பிடிகளையோ உருளாத டம்பெல்களையோ பற்றிக்கொண்டு செய்வது நல்லது. நேரான பாரில் கர்ல் (முழங்கையை மடக்கி எடையைத் தூக்கும் பயிற்சி) செய்வதைவிட, உள்ளங்கைகள் ஒன்றையொன்று நோக்கும்படி டம்பெல்லைப் பிடித்துச் செய்வது மணிக்கட்டுக்கு இதமானது.

முழங்கையில் கோளாறு உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது மடக்கும் ஆழத்தை. படுத்தபடி பாரை நெற்றிவரை இறக்கிச் செய்யும் ட்ரைசெப்ஸ் (மேற்கையின் பின்புறத் தசை) பயிற்சி முழங்கையைப் பளுவோடு இறுக மடக்குகிறது. அதற்குப் பதிலாக கேபிளைக் கீழ்நோக்கி அழுத்தும் பயிற்சியை, செங்கோணத்துக்கு மேல் மடக்காமல் செய்யலாம். முதுகில் பாரை வைத்து ஸ்குவாட் (குந்தி எழும் பயிற்சி) செய்யும்போது கைகள் ஒடுங்கி, முழங்கையும் மணிக்கட்டும் ஒருசேர மடிந்துகிடப்பதைப் பலரும் கவனிப்பதில்லை. பிடியை அகலமாக்கலாம், அதுவும் ஒத்துக்கொள்ளாவிட்டால் கால்களால் எடையைத் தள்ளும் லெக் பிரஸ் இருக்கிறது. தேவைக்கு மேல் பாரை இறுக்கிப் பிடிப்பதும், மணிக்கட்டுப் பட்டையை விரல்கள் வெளுக்கும்வரை இறுக்கிச் சுற்றிக்கொள்வதும் கெடுதலைக் கூட்டும்.

பயிற்சிக்கூடத்தில் கழிவது நாளில் ஒரு மணி நேரம் என்றால், முழங்கையை மடக்கித் தலைக்கடியில் வைத்துத் தூங்குவது ஆறேழு மணி நேரம். இரவில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் தாங்குபட்டையை அணிந்துகொள்வதும், முழங்கை மடங்காதபடி ஒரு துண்டைத் தளர்வாகச் சுற்றிக்கொள்வதும் எளிய உதவிகள். மேசை விளிம்பில் முழங்கையை ஊன்றுவதையும், தொலைபேசியை நெடுநேரம் காதில் வைத்துப் பேசுவதையும் தவிர்க்கலாம். நரம்பை மெதுவாக வழுக்கிச் செல்லவைக்கும் பயிற்சிகளை பிசியோதெரபி நிபுணரிடம் நேரில் கற்றுக்கொள்ள வேண்டும். காணொளியைப் பார்த்துக் கையை வலுக்கட்டாயமாக இழுத்து நீட்டினால் எரிச்சல் கூடும்.

மாத்திரைகள் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மரத்துப்போகிறது என்றதும் 'நரம்புக்கு நல்லது' என்று வைட்டமின் பி6 அடங்கிய மாத்திரைகளைத் தாமாகவே வாங்கி மாதக்கணக்கில் விழுங்குபவர்கள் இருக்கிறார்கள். அந்த வைட்டமின் அளவுக்கு மீறினால் அதுவே நரம்பைப் பாதித்துக் கைகால்களை மரக்கவைக்கும். ஏற்கெனவே வேறு சத்துப்பொடிகளையும் எடுத்துக்கொள்பவர்கள், ஒரே சத்து இரண்டு மூன்று டப்பாக்களில் இருந்து சேர்கிறதா என்று பார்ப்பது அவசியம். வலிநிவாரணியோ வலியின் உணர்வைச் சற்று மழுக்கினாலும், நரம்பு நசுங்குவதை நிறுத்தாது.

மரத்த உணர்வு விட்டுவிட்டு வராமல் நிலையாகத் தங்கிவிட்டால், சட்டைப் பொத்தான் போடவோ சாவியைத் திருப்பவோ விரல்கள் தடுமாறினால், கட்டைவிரல் மேடு தட்டையாகிவிட்டால், புறங்கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள சதை வற்றிக் குழி விழுந்தால், பயிற்சியை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவரிடம் போய்விட வேண்டும். வீட்டிலேயே ஒன்றைச் செய்து பார்க்கலாம். ஒரு தாளைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, மற்றொருவரை அதை இழுக்கச் சொல்லுங்கள். தாளை விடாமல் பிடிக்க, கட்டைவிரலின் நுனிக்கணு தானாக மடிந்தால், அல்நார் நரம்பு இயக்கும் தசை வலுவிழந்திருக்கக்கூடும்.

நீரிழிவு, தைராய்டு குறைபாடு, கர்ப்பம் ஆகிய நிலைகளில் மணிக்கட்டில் நரம்பு அழுத்தம் எளிதில் வரும் என்பதால், அவற்றையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நரம்பின் கடத்துதிறனை அளக்கும் பரிசோதனை இருக்கிறது; ஆனால் தொடக்க நிலையில் அது இயல்பாகவே வரக்கூடும், அதனால் முடிவைப் பார்த்துவிட்டு அறிகுறிகளை ஒதுக்கிவிடக்கூடாது. சிதைந்த நரம்பிழை நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் வளரும். முழங்கையிலிருந்து கைத்தசைகளை எட்ட அதற்குப் பல மாதங்கள் பிடிக்கும், அதற்குள் தசை மீட்க முடியாதபடி வற்றிவிடவும் கூடும். அழுத்தத்தை நீக்கும் அறுவை சிகிச்சை தேவைப்படுவோர் அதைத் தள்ளிப்போடக்கூடாது என்பது இதனால்தான்.

உடற்பயிற்சிக்கூடங்களில் புதிதாகச் சேர்பவர்களிடம் ரத்த அழுத்தம், இதயக் கோளாறு பற்றிக் கேட்கும் படிவத்தில், "விரல்கள் மரக்கின்றனவா, எந்த விரல்கள்?" என்ற ஒரு வரியையும் சேர்க்க வேண்டும் என்று அவற்றை நடத்துபவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பயிற்சியாளர்களுக்கான பாடத்திலும் இது இடம்பெற வேண்டும். தாங்களும் கைநரம்பு மருத்துவர் ஒருவரையும் அனுபவமுள்ள பயிற்சியாளர் ஒருவரையும் கொண்டு, எந்த வலிக்கு எந்தப் பயிற்சியை எப்படி மாற்றுவது என்பதைப் படங்களோடு விளக்கும் கட்டுரை ஒன்றை உடல்நலப் பக்கத்தில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்